அறைவெப்பத்தில் அல்லுலோகங்கள்

தமிழிலக்கணம் பயின்றோர்க்கு அஃறிணை என்னும் சொல் புதிதன்று. உயர்திணை அல்லாத திணை அஃறிணை. மரமும் மயிலும் மலையும் மழையும் அதனுள் அடங்கும். இவை தம்முள் ஒத்திருப்பதனால் ஒரு பெயர் பெற்றவை அல்ல. மக்கள் அல்ல என்னும் ஒன்றனாலேயே ஒரு பெயர் பெற்றன. இரசாயன நூலிலும் இத்தகைய பெயரொன்று உண்டு. அதுவே அல்லுலோகம் என்பது. உலோகம் அல்லாத மூலகம் யாதோ அஃது அல்லுலோகம். மூச்சிற் கலக்கும் ஒட்சிசனும், தீப்பெட்டியின் பக்கத்திற் பூசப்படும் பொசுபரசும், மோதிரத்தில் ஒளிரும் வைரமும் இந்த ஒரு பெயருள் அடங்கிவிடுகின்றன.

ஒன்றற்கு இல்லாத குணத்தைக் கூறிப் பெயரிடும்போது, அதற்குள்ள குணம் மறைந்துவிடுதல் இயல்பு. உலோகம் பளபளக்கும், அல்லுலோகம் பளபளக்காது. உலோகம் மின்னைக் கடத்தும், அல்லுலோகம் கடத்தாது. உலோகத்தைத் தட்டித் தகடாக்கலாம், அல்லுலோகத் திண்மத்தைத் தட்டினால் நொறுங்கும் என்று மாணவர் மனனஞ் செய்கின்றனர். இவை பெரும்பாலும் உண்மையே. ஆயினும் அயடீன் பளிங்குகள் உலோகம் போலவே மினுங்குகின்றன. காரீயம் எனப்படும் காபன் மின்னை நன்கு கடத்துகின்றது. வைரமோ மின்னைக் கடத்தாதெனினும், வெப்பத்தைச் செம்பிலும் நான்கைந்து மடங்கு விரைவாகக் கடத்துகின்றது. ஆகவே, இல்லாதவற்றின் பட்டியலை விடுத்து, இம்மூலகங்கள் உண்மையில் எவ்வாறு இருக்கின்றன, ஏன் அவ்வாறு இருக்கின்றன என்று ஆராய்தலே பயனுடைத்து.

இன்று அறியப்பட்ட மூலகங்கள் 118. இவற்றுட் பெரும்பாலானவை உலோகங்கள். போரன், சிலிக்கன் போன்று இரு பக்கத்துக் குணங்களையும் காட்டும் உலோகப்போலிகளை நீக்கினால், அல்லுலோகங்கள் என்று வழக்கமாக எண்ணப்படுபவை பதினேழே. தொகையிற் சிறிய இக்கூட்டத்தில் மூவகை நிலைகளும் காணப்படுகின்றன. ஐதரசன், நைதரசன், ஒட்சிசன், புளோரீன், குளோரீன் என்னும் ஐந்தும், ஈலியம், நேயன், ஆகன், கிரிப்தன், செனன், இரேடன் என்னும் விழுமிய வாயுக்கள் ஆறும் ஆகப் பதினொன்று வாயுக்கள். காபன், பொசுபரசு, கந்தகம், செலீனியம், அயடீன் என்னும் ஐந்தும் திண்மங்கள். திரவமாக இருப்பது ஒன்றே ஒன்று, அது புரோமீன். உலோகங்களுள் இரசம் தனித்து நிற்பது போல, அல்லுலோகங்களுள் புரோமீன் தனித்து நிற்கின்றது.

இப்பட்டியல் அறைவெப்பத்துக்கு உரியது. அறைவெப்பம் என்பது எந்த அறையின் வெப்பம்? நூல்கள் 20 அல்லது 25 பாகையைக் கொள்கின்றன. (இப்பேச்சில் வரும் பாகைகள் யாவும் சதமவளவைக்கு உரியவை.) யாழ்ப்பாணத்து மதியப் பொழுதில் அறையினுள்ளும் 30 பாகை தாண்டும். நுவரெலியாவிலோ ஆண்டுச் சராசரி 16 பாகையை ஒட்டியே நிற்கும். இவ்விரண்டிடையும் மேற்கூறிய பதினேழும் தம் நிலையில் மாறுவதில்லை. ஆனால் ஏறக்குறைய 30 பாகையில் உருகும் கலியம் என்னும் உலோகம் நுவரெலியாவில் திண்மமாயும் யாழ்ப்பாணத்து நடுப்பகலில் திரவமாயும் இருக்கும். ஆகவே, ஒரு பொருள் திண்மமா, திரவமா, வாயுவா என்பது அப்பொருளின் பிறவிக் குணம் அன்று. அப்பொருளுக்கும் அதனைச் சூழ்ந்துள்ள வெப்பத்துக்கும் அமுக்கத்துக்கும் இடையே ஏற்பட்ட ஓர் இணக்கமே அது. இவ்வுண்மையை உணர மனித குலத்துக்கு நெடுங்காலம் சென்றது. உணர்ந்ததனால் விளைந்த பயனோ மிகப் பெரிது.

முதலில், ஒரே கூட்டத்தில் மூவகை நிலைகள் எவ்வாறு வந்தன என்பதை நோக்குவோர் இருவகைக் கவர்ச்சிகளைப் பிரித்தறிதல் வேண்டும். ஒன்று, மூலக்கூறு ஒன்றனுள் அணுவையும் அணுவையும் பிணைத்து நிற்கும் கட்டு. மற்றையது, ஒரு மூலக்கூற்றுக்கும் அடுத்த மூலக்கூற்றுக்கும் இடையேயுள்ள இழுவை. தேர்த்திருவிழாக் கூட்டத்தில் ஒவ்வொரு தாயும் தன் பிள்ளையின் கையை இறுகப் பற்றி நடக்கின்றாள். அப்பிடி எளிதில் விடாது. ஆனால் ஒரு தாய்க்கும் அருகில் நடக்கும் வேறொரு தாய்க்கும் இடையே பிடியொன்றும் இல்லை. நெருக்குண்டால் ஒருபுறமும் மற்றொருபுறமுமாகப் பிரிந்து போவர். நைதரசன் வாயுவின் நிலை இதுவே. அதன் இரண்டு அணுக்களும் ஒன்றையொன்று மிக வலிதாகப் பற்றியுள்ளன. அப்பற்றைப் பிளப்பதற்கு வேண்டிய சத்தி, திரவ நைதரசனிலிருந்து ஒரு மூலக்கூற்றைப் பிரித்து ஆவியாக்க வேண்டிய சத்தியிலும் நூற்றைம்பது மடங்குக்கு மேற்பட்டது. நைதரசன் வாயுவாக இருப்பது அதன் கட்டுத் தளர்ந்தமையால் அன்று. அயலாரோடு அதற்குள்ள இழுவை குறைந்தமையால்.

இவ்விழுவை எங்கிருந்து வருகின்றது? ஒல்லாந்து நாட்டு வந்தர் வால்ஸ் 1873ஆம் ஆண்டில் வாயுக்களின் மூலக்கூறுகளும் ஒன்றையொன்று கவர்கின்றன எனக் காட்டினார். அதன் காரணத்தை 1930ஆம் ஆண்டில் ஜெர்மன் பௌதிக அறிஞர் பிரிட்ஸ் லண்டன் விளக்கினார். அணுவைச் சூழ்ந்துள்ள இலத்திரன்கள் ஓரிடத்தில் நில்லாது அசைவன. ஒரு கணத்தில் அவை ஒரு பக்கமாகச் சற்றே ஒதுங்கினால், அம்மூலக்கூற்றின் ஒரு முனை எதிரேற்றமும் மறுமுனை நேரேற்றமும் பெறும். அது கண்ட அடுத்த மூலக்கூற்றின் இலத்திரன்களும் அதற்கிசைய ஒதுங்கும். இவ்வாறு தோன்றி மறையும் ஏற்றங்களால் இரண்டும் ஒன்றையொன்று மெல்ல இழுக்கும். இலத்திரன்கள் மிகுந்துள்ள பெரிய மூலக்கூற்றில் இவ்வொதுக்கம் எளிது. ஆகவே இழுவையும் மிகுதி.

இவ்விளக்கத்தைச் சோதிப்பதற்கு அலசன் குடும்பத்திலும் சிறந்த சான்று இல்லை. புளோரீன் மூலக்கூற்றில் இலத்திரன்கள் 18. அது மறை 188 பாகையிலேயே கொதித்து வாயுவாகிவிடும். குளோரீனில் 34, அதன் கொதிநிலை மறை 34 பாகை. புரோமீனில் 70, அது 59 பாகையிலேயே கொதிக்கும், மறை 7 பாகையில் உறையும், ஆகவே அறையில் திரவம். அயடீனில் 106, அது 114 பாகையில் உருகும், ஆகவே அறையில் திண்மம். வெளிறிய மஞ்சள் வாயு, பச்சை மஞ்சள் வாயு, செங்கபிலத் திரவம், கருஞ்சாம்பற் பளிங்கு என்று நான்கும் நான்கு வேறு பொருள்களாகத் தோன்றினும், ஒரு படிக்கட்டின் நான்கு படிகளே அவை. விழுமிய வாயுக்களிலும் இப்படிவரிசையே காணப்படும். இரண்டே இலத்திரன்களை உடைய ஈலியம் மறை 269 பாகையிற் கொதிக்கும்; 86 இலத்திரன்களை உடைய இரேடன் மறை 62 பாகையிற் கொதிக்கும்.

அயடீனைப் பற்றி ஒரு சிறு திருத்தம் கூறுதல் தகும். அயடீன் உருகாது நேரே ஆவியாகும் என்று மாணவர் பலர் எழுதுவர். அறைவெப்பத்திலேயே அது சிறிது சிறிதாகப் பதங்கமாதல் உண்மை; மூடிய குடுவையில் ஊதா நிற ஆவி தங்குவதும் உண்மை. எனினும் சாதாரண வளிமண்டல அமுக்கத்தில் அதனைக் கவனமாகச் சூடாக்கின், 114 பாகையில் உருகித் திரவமாவதையும் 184 பாகையிற் கொதிப்பதையும் காணலாம். 1811ஆம் ஆண்டில் பிரான்சிய நாட்டுக் கூர்த்துவா என்பார் கடற்பாசிச் சாம்பலை ஆராய்ந்தபோது எழுந்த ஊதாப் புகையே இம்மூலகத்தை உலகுக்கு அறிவித்தது. ஊதாவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே அதற்குப் பெயருமாயிற்று.

புரோமீன் கண்டறியப்பட்ட வரலாறு உப்பளங்களை அறிந்த மக்களுக்குச் சுவை பயப்பது. கடல்நீர் வெயிலில் வற்றி உப்பு விளைந்த பின்னர், எஞ்சும் கசப்பு நீரை எவரும் பொருட்படுத்துவதில்லை. பிரான்சின் தென்பகுதியிலுள்ள மொம்பெலியே நகரில் அந்தோனி பலார் என்னும் இளைஞர் அக்கசப்பு நீரிற் குளோரீனைச் செலுத்தினார். நீர் செம்மஞ்சள் நிறம் பெற்றது. அதனின்று கடுநாற்றமுடைய ஒரு செந்திரவத்தை அவர் பிரித்தெடுத்து, 1826ஆம் ஆண்டில் புதிய மூலகமென அறிவித்தார். நாற்றத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லாலேயே அது பெயர் பெற்றது. ஜெர்மனியின் பேரறிஞராகிய லீபிக்கிடம் அதற்கு முன்னரே இத்திரவம் வந்து சேர்ந்திருந்தது. அவர் அதனை அயடீனும் குளோரீனும் சேர்ந்த சேர்வையெனக் கருதிப் போத்தலிற் பெயரெழுதி ஒட்டி வைத்துவிட்டார் என்று கூறப்படுகின்றது. திரவ அல்லுலோகம் ஒன்று இருக்கலாம் என்று எவரும் எதிர்பாராத காலம் அது. பெயரை முன்னரே ஒட்டிவிட்டால் பொருளைக் காண்டல் அரிதாகும் என்பதற்கு அப்போத்தல் ஒரு சான்று.

இனித் திண்மங்களைக் காண்போர், அவை யாவும் ஒரே காரணத்தால் திண்மமானவை அல்ல என்பதை மனத்திற் கொள்ளல் வேண்டும். கந்தகத்தில் எட்டு அணுக்கள் வளையமாகக் கோக்கப்பட்டு ஒரு மூலக்கூறாகின்றன. அவ்வளையங்கள் பெரியன, தம்முள் போதிய இழுவை உடையன. அவ்விழுவை தளர 115 பாகை அளவு வெப்பமே போதும்; கந்தகம் தேன் நிறத்து நீரொத்த திரவமாகும். மேலுஞ் சூடாக்கினால் மேலும் இளகும் என்றே எவரும் எண்ணுவர். நிகழ்வதோ அதற்கு மாறு. 160 பாகையளவிற் கந்தகம் கருஞ்செந்நிறம் பெற்றுப் பாகு போலத் தடிக்கின்றது; பாத்திரத்தைச் சரித்தாலும் எளிதில் ஓடாது. வளையங்கள் அறுந்து நீண்ட சங்கிலிகளாக ஒன்றோடொன்று சிக்குண்பதே இதற்குக் காரணம். 200 பாகையைக் கடந்தபின் சங்கிலிகள் துண்டாக, மீண்டும் இளகத் தொடங்கி, 445 பாகையிற் கொதிக்கும். கொதிக்குமுன் அதனைத் தண்ணீரில் ஊற்றினால் இறப்பர் போல இழுபடும் ஒரு பொருள் கிடைக்கும். சில நாட்களில் அது மீண்டும் மஞ்சட் கந்தகமாகும்.

பொசுபரசு ஒரே மூலகம் ஈருருவில் நிற்பதன் விளைவைக் கண்கூடாகக் காட்டும். இதனை 1669ஆம் ஆண்டில் ஹம்பேர்க் நகரத்து பிராண்ட் என்பார், பொன் செய்யும் ஆசையாற் சிறுநீரைக் காய்ச்சியபோது கண்டார். நான்கு அணுக்கள் ஒரு சிறு கூம்பாக அமைந்த வெண்பொசுபரசு மெழுகு போன்றது; 44 பாகையில் உருகும்; கொடிய நஞ்சு. காற்றில் ஏறக்குறைய 30 பாகையில் தானே தீப்பற்றும். குளிர்நாட்டு அறையிற் புகைந்துகொண்டு கிடக்கும் துண்டு, வெப்பநாட்டு அறையில் எரிந்துவிடும். ஆகையால் எந்நாட்டிலும் அதனைத் தண்ணீருக்குள்ளேயே வைப்பர். 19ஆம் நூற்றாண்டில் இவ்வெண்பொசுபரசினாலேயே தீக்குச்சிகள் செய்யப்பட்டன. தொழிற்சாலைகளில் வேலை செய்த பெண்கள் பலர் தாடையெலும்பு அழுகி வருந்தினர். 1840களில் வியன்னாவின் சுரோட்டர் என்னும் அறிஞர் செம்பொசுபரசைத் தெளிவுற ஆராய்ந்தார். இதில் கூம்புகள் அவிழ்ந்து ஒன்றோடொன்று தொடர்ந்து பிணைந்துள்ளன. இது நஞ்சற்றது எனலாம். 200 பாகையைக் கடந்த பின்னரே தீப்பற்றும். எனினும் வெண்பொசுபரசுத் தீக்குச்சிகளைத் தடைசெய்யும் பன்னாட்டு உடன்படிக்கை பேர்ண் நகரில் நிறைவேறியது 1906ஆம் ஆண்டிலேதான். அறிவு கிடைத்த நாளுக்கும் அது தொழிலாளரைக் காத்த நாளுக்கும் இடையே அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது. இன்று வீடுதோறுமுள்ள தீப்பெட்டியின் பக்கத்திற் பூசியிருப்பது அச்செம்பொசுபரசே.

காபன் முற்றிலும் வேறு வகையினது. அதில் தனித்தனி மூலக்கூறுகள் இல்லை. அணுக்கள் யாவும் ஒரே வலையாகப் பிணைந்துள்ளன. வைரத்தில் ஒவ்வோர் அணுவும் நான்கு அணுக்களை நாற்றிசையும் பற்றி நிற்கின்றது. காரீயத்தில் ஒவ்வோர் அணுவும் மூன்று அணுக்களை ஒரே தளத்திற் பற்றித் தகடு தகடாக அமைகின்றது. பனையோலைப் பாய்களை ஒன்றன்மேலொன்றாக அடுக்கினாற் போன்றது காரீயம். ஒவ்வொரு பாயும் இறுகப் பின்னப்பட்டது. பாய்க்கும் பாய்க்கும் இடையே பின்னல் இல்லை. ஆகையாற் பாய்கள் எளிதில் வழுக்கும். பென்சில் தாளில் எழுதுவது இவ்வழுக்கலால். காரீயம் மசகாகப் பயன்படுவதும் இதனால். பிணைப்பிற் சேராத நான்காவது இலத்திரன் தளமெங்கும் உலாவுவதால் அது மின்னைக் கடத்துகின்றது. வைரத்தையோ காரீயத்தையோ ஆவியாக்குதற்கு இழுவையைத் தளர்த்தினாற் போதாது. பிணைப்பையே அறுத்தல் வேண்டும். அதனாற்றான் காரீயம் 3,600 பாகையளவிலும் உருகி ஓடாது, வளிமண்டல அமுக்கத்தில் ஆவியாகவே மாறுகின்றது.

காரீயம் என்னும் பெயர் ஈயத்தின் வகையெனப் பொருள்படும். ஆங்கிலேயரும் அதனைக் கருப்பு ஈயம் என்றே வழங்கினர். அது ஈயமன்று, காபனே என்று 1779ஆம் ஆண்டிற் சீலே காட்டினார். வைரமும் காபனே என்பதை 1797ஆம் ஆண்டில் சிமித்சன் தெனன்ற் நிறுவினார். வைரத்தை எரித்துக் கிடைத்த வாயு, அதே நிறையுள்ள கரியை எரித்துக் கிடைத்த வாயுவுக்குச் சமமாயிருந்தது. இலங்கையின் கேகாலை மாவட்டத்துப் போகலச் சுரங்கமும் குருநாகல் மாவட்டத்துக் கஹட்டகஹச் சுரங்கமும் பாறைப் பிளவுகளில் நாளமாகப் படிந்த மிகத் தூய காரீயத்துக்குப் பெயர் பெற்றவை. அக்காரீயத்தின் ஒரே ஒரு தகட்டைத் தனியே பிரிக்கலாம் என்பதை 2004ஆம் ஆண்டில் மான்செஸ்டரில் கைம், நொவொசெலொவ் என்னும் இருவர் பசை நாடாவைக் கொண்டு காட்டி, 2010ஆம் ஆண்டில் நொபெல் பரிசு பெற்றனர்.

இனி வாயுக்களின் பக்கம் திரும்பலாம். வாயு எனப்படுபவை என்றும் வாயுவே என்று 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிஞரும் எண்ணியிருந்தனர். 1823ஆம் ஆண்டில் மைக்கேல் பரடே, குளோரீன் அடங்கிய பளிங்குகளை வளைந்த கண்ணாடிக் குழாயில் இட்டு, இருமுனையும் மூடி, ஒரு முனையைச் சூடாக்கினார். மறுமுனையில் எண்ணெய்த் துளி போன்ற ஒன்று படிந்தது. அழுக்குக் குழாயைப் பயன்படுத்தினீர் என்று நண்பரொருவர் பரிகசித்தார். அவ்வெண்ணெய் திரவக் குளோரீனே என்று மறுநாள் அவருக்கு ஒரு வரிக் கடிதம் சென்றது. குழாயினுள் எழுந்த அமுக்கமே குளோரீனைத் திரவமாக்கியிருந்தது. அம்முறையாற் பரடே வேறு பல வாயுக்களையும் திரவமாக்கினார். ஆயினும் 1845ஆம் ஆண்டளவில் ஆறு வாயுக்கள் மாத்திரம் எவ்வமுக்கத்துக்கும் பணியாது நின்றன. ஐதரசனும் ஒட்சிசனும் நைதரசனும் அவற்றுட் சேர்ந்தவை. அவற்றுக்கு நிலைத்த வாயுக்கள் என்று பெயரும் இட்டுவிட்டனர்.

இப்பெயரின் பொய்ம்மையை வெளிப்படுத்தியவர் பெல்பாஸ்ற் நகரத்துப் பேராசிரியர் அந்துரூசு. காபனீரொட்சைட்டை ஆராய்ந்த அவர், 31 பாகைக்கு மேல் அதனை எவ்வளவு அமுக்கினும் திரவமாகாது, அதற்குக் கீழே அமுக்கினால் திரவமாகும் என்று 1869ஆம் ஆண்டில் விளக்கினார். ஒவ்வொரு வாயுவுக்கும் இத்தகைய எல்லையொன்று உண்டு. அதனை அவதி வெப்பநிலை என்பர். ஒட்சிசனுக்கு அது ஏறக்குறைய மறை 118 பாகை. நைதரசனுக்கு மறை 147. ஐதரசனுக்கு மறை 240. எனவே அமுக்கியவர்கள் தோற்றது வாயுவின் பிடிவாதத்தால் அன்று. அறை வெப்பமாக இருந்தமையால். குளிர்வித்தலே முதற் கடமை, அமுக்குதல் அதன் பின்னரே என்பது அன்று தெளிவாயிற்று.

அதன்பின் வெற்றிகள் விரைந்து வந்தன. துவிச்சக்கர வண்டியின் சில்லிலிருந்து காற்றைத் திடீரெனத் திறந்துவிட்டால் அது குளிர்ந்து வருவதை எவரும் உணர்ந்திருப்பர். அமுக்கிய வாயு விரியும்போது குளிர்கின்றது என்னும் இவ்வியல்பே அறிஞருக்குக் கருவியாயிற்று. 1877ஆம் ஆண்டின் இறுதியிற் பிரான்சில் கயித்தேயும் ஜெனீவாவிற் பிக்தேயும் தனித்தனியே ஒட்சிசனின் மூடுபனியைக் கண்டனர். 1883ஆம் ஆண்டிற் போலந்தின் கிராக்கோ நகரில் உரொபுளெவ்ஸ்கியும் ஒல்ஷெவ்ஸ்கியும் ஒட்சிசனைக் குழாயின் அடியில் அமைதியாகத் தங்கும் திரவமாகவே பெற்றனர். வெளிறிய நீல நிறமுடைய அத்திரவத்தைக் காந்தம் தன்பால் இழுக்கும். 1898ஆம் ஆண்டில் இலண்டனில் ஜேம்ஸ் தேவார் ஐதரசனைத் திரவமாக்கினார். இறுதியாக, 1908ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் ஒல்லாந்தின் லெய்டன் நகரிற் காமர்லிங் ஓனஸ், மறை 269 பாகையில் ஈலியத்தையும் திரவமாக்கினார். நிலைத்த வாயு என்னும் சொல்லுக்கு அன்றோடு பொருளில்லாமற் போயிற்று. ஈலியம் மாத்திரம் ஒரு தனிப்பெருமையைக் காத்துக்கொண்டது. சாதாரண அமுக்கத்தில் எவ்வளவு குளிர்வித்தாலும் அது உறைவதில்லை.

குளிர் தேடிய இவ்வறிஞரின் உழைப்பால் உலகுக்கு விளைந்த நன்மை யாது என்று நேயர்கள் வினவலாம். காற்றில் நைதரசன் 78 வீதமும் ஒட்சிசன் 21 வீதமும் கலந்துள்ளன. இரண்டும் நிறமற்றவை, மணமற்றவை. நிறையிலும் பெரிதும் வேறுபடாதவை. வாயுவாக இருக்கும்வரை அவற்றைப் பெருமளவிற் பிரித்தல் அரிது. 1895ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கார்ல் வொன் லிண்டே காற்றைத் தொழின்முறையில் திரவமாக்கும் வழியைக் கண்டார். திரவக் காற்றை மெல்லச் சூடேற விட்டால் நைதரசன் மறை 196 பாகையில் முன்னே கொதித்தெழும். ஒட்சிசன் மறை 183 பாகைவரை திரவத்திலே மிகுந்து நிற்கும். இப்பதின்மூன்று பாகை வேறுபாட்டைக் கொண்டே உலகின் பெரிய வைத்தியசாலைகளுக்கும் இரும்பாலைகளுக்கும் வேண்டிய ஒட்சிசன் இன்றும் பிரிக்கப்படுகின்றது.

ஒரு இலீற்றர் திரவ ஒட்சிசன் அறைவெப்பத்தில் ஏறக்குறைய 860 இலீற்றர் வாயுவாக விரியும். வாயுவாக ஏற்றிச் செல்வதாயின் எண்ணற்ற உருளைகள் வேண்டும். திரவமாயின் ஒரு தாங்கியே போதும். கொரோனா நோய் உலகை வருத்திய 2021ஆம் ஆண்டில், மூச்சுத் திணறிய நோயாளருக்கு ஒட்சிசன் போதாது பல நாடுகள் தவித்தன. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் இந்தியாவிலிருந்து திரவ ஒட்சிசனை ஏற்றிய கப்பல்கள் கொழும்புத் துறைமுகத்தை வந்தடைந்தன. மறை 183 பாகைக்குக் குளிர்ந்த அத்திரவம் வெப்பமான கடலைக் கடந்து வந்தது, இரட்டைச் சுவரினிடையே காற்றகற்றிய கலங்களில். அக்கலத்தை 1892ஆம் ஆண்டில் அமைத்தவர் மேற்கூறிய தேவாரே. வீடுகளில் தேநீரைச் சூடாக வைத்திருக்கும் பிளாஸ்குப் போத்தல் அதன் இளைய உடன்பிறப்பு. ஒட்சிசன் நிலைத்த வாயுவே என்று உலகம் நம்பியிருந்தால், அத்தாங்கிகளும் இல்லை. அவற்றால் மூச்சுப் பெற்றோரும் இல்லை.

இவ்வறிவு நன்மைக்கே பயன்பட்டது என்று கூறின் உண்மையை மறைத்ததாகும். குளோரீன் அறைவெப்பத்திற் சில வளிமண்டல அமுக்கத்திலேயே திரவமாகி உருளையில் அடங்கும், திறந்தவுடன் வாயுவாகும், காற்றிலும் இரண்டரை மடங்கு பாரமுடையதாகையால் தாழ்ந்த இடங்களைத் தேடிச் செல்லும். இவ்வியல்புகளை அறிந்தே 1915ஆம் ஆண்டு ஏப்ரில் 22ஆம் நாள் பெல்ஜியத்தின் ஈப்பர் நகரருகே ஜெர்மன் படையினர் ஆயிரக்கணக்கான உருளைகளைத் திறந்துவிட்டனர். பதுங்கு குழிகளில் இருந்த போர்வீரர் மூச்சடைத்து மாண்டனர். அதே குளோரீன், அதே வகை உருளையிலிருந்து, அளவறிந்து நீரிற் கலக்கப்படும்போது வாந்திபேதியும் நெருப்புக் காய்ச்சலும் நகரங்களை அணுகாது தடுக்கின்றது. வாயுவின் இயல்பு மாறவில்லை. அதனைக் கையாண்ட மனிதரின் நோக்கமே மாறிற்று.

ஒட்சிசனின் பௌதிக நிலை யாது என்று பரீட்சையில் வினவினால், வாயு என்று எழுதும் மாணவருக்குப் புள்ளி கிடைக்கும், கிடைத்தலும் முறையே. ஆனால் இந்த வெப்பத்திலும் இந்த அமுக்கத்திலும் அது வாயு என்று சேர்த்துக் கூறும் பழக்கம் அம்மாணவருக்கு வருமாயின், பட்டியலைக் கடந்து பொருளை அறிந்தவராவர். பதினொரு வாயுக்கள், ஒரு திரவம், ஐந்து திண்மங்கள் என்னும் கணக்கு இப்பூமியின் மேற்பரப்பில் மனிதர் வாழ்தற்கியன்ற சிறியதொரு வெப்ப எல்லைக்குள் மாத்திரம் செல்லும் கணக்கு. வியாழக் கோளின் உள்ளாழத்தில் ஐதரசன் பேரமுக்கத்தால் மின்கடத்தும் திரவமாக இருக்கின்றதென வானநூலார் கொள்கின்றனர். அங்கே உலோகம், அல்லுலோகம் என்னும் வரம்பே மயங்கிவிடும். வகுப்பறையில் இப்பதினேழு பெயர்களையும் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர், அவற்றோடு ஏன் என்னும் ஒரு வினாவையும் சேர்த்துக் கொடுத்தல் நன்று. பெயர்கள் மறந்துபோனாலும் அவ்வினா மாணவரிடத்துத் தங்கி நிற்கும்.